டிஞ்சர் அக்கா

முதல் சந்திப்பில் அவர் என் பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. எல்லோரும் கேட்கிற "சாப்டீங்களா"கூட இல்லை. என் வலது கை ஆட்காட்டி விரலைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்தார். சோதனைக் குழாய் உடைந்து கீறிய இடத்தில் ஒரு பிளாஸ்டர் ஒட்டியிருந்தேன்.

"இத எப்ப மாத்துனீங்க?"

"மாத்தலக்கா. முந்தாநாள் ஒட்டுனது."

"படிச்சவங்கதான நீங்க?"

பிளாஸ்டரை ஒரே இழுப்பில் பிய்த்தார். இடுப்பில் செருகியிருந்த துணிப்பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலும் பஞ்சும் வெளியே வந்தன. டிஞ்சரைத் தொட்டு வைத்ததும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. "எரியுதா? எரியட்டும். மருந்து வேலைக்கு வந்துட்டுதுன்னு அர்த்தம்," என்று சொல்லிவிட்டு, எதுவுமே நடக்காததுபோல வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அப்போது நான் ஆராய்ச்சி மாணவி. மாணவி என்று சொல்லிக்கொள்ளும் வயதெல்லாம் தாண்டி முப்பத்தொன்று ஆகியிருந்தது. ஆம்பூருக்கு வெளியே இருந்த எங்கள் கல்லூரியில், விலங்கியல் துறைக்குப் பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு நீளமான அறை. அதுதான் எலிக்கூடம். அதைப் பார்த்துக்கொள்கிற ஒப்பந்த வேலை அவருக்கு. கூண்டு கழுவுவது, உமி மாற்றுவது, தண்ணீர் பாட்டில் நிரப்புவது, தீனியை எடை போட்டு வைப்பது. முகத்துக்கு நேரே அக்கா என்று கூப்பிடுவோம். முதுகுக்குப் பின்னால் டிஞ்சர் அக்கா. அது அவருக்கும் தெரியும்.

அந்தப் பெயர் கல்லூரியில் வைத்ததில்லை. ஷூ கம்பெனியிலிருந்தே கூட வந்தது. பதினெட்டு வருஷம் மேல்தோல் தைக்கிற லைனில் உட்கார்ந்தவர். அங்கே மிஷின் ஊசி விரலில் ஏறுவது புதிதில்லை. லைனுக்கு ஒரு மருந்துப் பெட்டி சுவரில் தொங்கும், அதன் சாவி அந்த லைனில் யாராவது ஒருத்தர் இடுப்பில் இருக்கும். இந்த லைனில் அது இவர் இடுப்பில் இருந்தது. "ஊசி ஏறிடுச்சு" என்று குரல் வந்தால் சூப்பர்வைசருக்கு முன்னால் இவர் போய் நிற்பார். சூப்பர்வைசர் எத்தனை ஜோடி முடிந்தது என்று பார்ப்பார், இவர் விரலைப் பார்ப்பார். பெட்டியில் இருந்தது பஞ்சு, கட்டுத்துணி, டிஞ்சர், வேறொன்றும் கிடையாது. பிறகு சர்க்கரையால் கண் மங்கி, தையல் கோணிக்கொண்டு போக ஆரம்பித்ததும் லைனிலிருந்து எழுப்பிவிட்டார்கள். சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவர், வீட்டுக்குப் போகிற வழியில் மருந்துக்கடையில் நின்று சொந்தமாக ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டாராம்.

காயத்தைப் பார்த்துவிட்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. துறையில் ஒருத்தர் கல்யாணத்துக்கு எல்லோரும் போயிருந்தோம். பந்தியில் பிரியாணி போட்டுக்கொண்டு வந்த மாஸ்டரின் முழங்கையில் தீக்காயம். அக்கா அப்போதுதான் முதல் கவளத்தை எடுத்திருந்தார். இலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, அந்த ஆளை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய், கழுவி, துணி சுற்றி அனுப்பிவிட்டு வந்து பார்த்தால், இவர் இலையை எடுத்துவிட்டு வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். "ஆம்பூர்ல பொறந்துட்டு பிரியாணிய வுட்டுட்டு எழுந்த ஒரே ஆளு நீங்கதாங்க்கா," என்றேன். "அது அடுத்த கல்யாணத்துல கெடைக்கும்மா. அந்தாளு கை தொறந்தே கெடக்குது, எனக்கு சோறு எறங்கல," என்றார்.

எல்லோருக்கும் இது பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. வாட்ச்மேன் இவர் வருவதைப் பார்த்தால் வெடித்த குதிகாலை ஸ்டூலுக்கு அடியில் இழுத்துக்கொள்வார். பஸ்ஸில் முன்பின் தெரியாத பெண்ணின் கழுத்துத் தழும்பைத் தொட்டுப் பார்த்து, "இது எப்டி ஆச்சு? கரெக்டா கட்டலியே," என்று கேட்டு வசவு வாங்கியிருக்கிறார். நானே ஒருமுறை எரிந்து விழுந்திருக்கிறேன். அவர் சிரித்துவிட்டு, சும்மா இருந்த என் இன்னொரு கையைப் புரட்டிப் பார்த்தார்.

இத்தனைக்கும் அவர் காலிலேயே ஒரு புண் இருந்தது. இடது கால் கட்டைவிரலுக்கு அடியில், எட்டணா அகலத்துக்கு. பதினொரு வருஷத்துச் சர்க்கரை. புண் அழுந்தக் கூடாது என்று ரப்பர் செருப்பில் அந்த இடத்தை மட்டும் பிளேடால் வட்டமாக வெட்டி எடுத்திருந்தார். தினமும் நாலரை மணிக்குக் கூண்டு வேலை முடிந்ததும் எலிக்கூடத்து வாசல்படியில் உட்கார்ந்து, கட்டை அவிழ்த்து, வீட்டிலிருந்து ஆறவைத்துக் கொண்டுவந்த தண்ணீரில் கழுவி, டிஞ்சர் வைத்து, புதுத் துணி சுற்றுவார். காய்ச்சலானாலும் மழையானாலும் அது நடக்கும். "புண்ணுக்கு லீவே கெடையாதுமா," என்பார்.

டாக்டரிடம் காட்டுங்கள் என்று நான் சொன்ன ஒரே தடவை அவர் முகம் இறுகிவிட்டது.

"எங்க வூட்டுக்காரரு தோல் பதம் பண்ற டேனரில டிரம் ஓட்டுனவரு. அவுருக்கும் சுகர்தான். மொதல்ல வெரல எடுத்தாங்க. அப்பறம் பாதம். அப்பறம் முட்டி வரிக்கும். கொஞ்சம் கொஞ்சமா நறுக்குனாங்கமா, கடசில ஆளே போய்ட்டாரு. எனக்கு எது வேணா போவட்டும். கால மட்டும் எடுக்கக் கூடாது. பொண்ணு வாணியம்பாடில மாமியார் வூட்ல கெடக்குறா. நான் கால் இல்லாம போய் அங்க உக்கார முடியுமா? நின்னாத்தான் எனக்கு சோறு."

அந்தப் பேச்சை நான் மறுபடி எடுக்கவில்லை. என் தலைவலி எனக்கு.

என் தலைவலியையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை வியாதி கணையத்தோடு நின்றுவிடுவதில்லை. கழுத்தில் மூச்சுக்குழாயை ஒட்டியிருக்கிற தைராய்டையும் அது சும்மா விடாது. சுரப்பு குறையும். எலி சோர்ந்துபோய், உடம்பு குளிர்ந்து, மயிர் சிலிர்த்து மூலையில் உட்கார்ந்துவிடும். இன்சுலின் கொடுத்தால் அந்தத் தைராய்டு பழையபடி எழுந்து வேலை செய்யுமா, எவ்வளவு செய்யும் என்பதுதான் என் ஆய்வு. எட்டு எலிகளுக்கு ஊசி போட்டு நீரிழிவை உண்டாக்கி அப்படியே விடுவேன். இன்னொரு எட்டுக்கு நீரிழிவை உண்டாக்கி இன்சுலினும் கொடுப்பேன். மிச்சம் எட்டும் ஒன்றும் செய்யாமல் நன்றாக இருக்கும். ஆறு வாரம் கழித்து மூன்று கூட்டத்தின் தைராய்டையும் ஒப்பிட வேண்டும்.

சொல்வதற்கு இவ்வளவு எளிது. முதல் தடவை கத்திரி வெயிலில் கரண்ட் போய், ஃபேன் நின்று, பாதி எலிகள் செத்துப்போயின. அதற்குள் இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. விலங்குகளை அனுமதிக்கிற குழு இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் எலி கொடுக்கும் என்று என் கைடு மேடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போனால் ஒரே கேள்விதான்: "இன்னும் எலிதானா?" என் கணவர் ஒன்றும் கேட்பதில்லை, அது அதைவிட மோசமாக இருந்தது. இந்த இருபத்துநாலு எலிகளும் ஆறு வாரம் ஒழுங்காக இருந்துவிட்டால் போதும் என்று வேண்டாத தெய்வம் இல்லை.

நீரிழிவு வந்த எலிகள் குடிக்கிற தண்ணீரைப் பார்த்தால் பயமாக இருக்கும். பாட்டிலை மூன்று தடவை நிரப்ப வேண்டும். உமி ஒரே ராத்திரியில் சொதசொதவென்று ஊறிவிடும். மற்ற கூலியாட்களாக இருந்தால் முனகியிருப்பார்கள். அக்கா கூண்டுக்கு முன்னால் குனிந்து நின்று பார்ப்பார். "என்ன மாதிரியே குடிக்குதுங்க பாரு. இதுங்கல்லாம் என் தோஸ்துங்கமா," என்பார்.

வாரம் ஒருமுறை வால் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பேன். நல்ல எலிகளுக்கு மறுநாளே காய்ந்துவிடும். சர்க்கரை எலிகளுக்குக் காயவில்லை. மூன்றாவது வாரத்தில் சில வால்கள் வீங்கிச் சிவந்துவிட்டன. அதை நோட்டில் குறித்துக்கொண்டேன். குறித்ததோடு சரி.

"இன்னாமா இது, வாலு தொறந்தே கெடக்குது?"

"சர்க்கரை எலிக்கா. அப்படித்தான் இருக்கும்."

"அப்டித்தான் இருக்குமா?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். கல்யாணப் பந்தியில் அந்த மாஸ்டரின் முழங்கையைப் பார்த்த அதே பார்வை. எனக்கு மண்டையில் உறைக்கவில்லை.

ஐந்தாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை. மறந்து வைத்துவிட்டு வந்த நோட்டை எடுக்கப் பிற்பகலில் எலிக்கூடத்துக்குப் போனேன். நான் மற்ற நாட்களில் ஐந்து மணி பஸ்ஸுக்கு ஓடிவிடுகிறவள், ஞாயிற்றுக்கிழமை வருவதே இல்லை. உள்ளே அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியில் துண்டில் சுற்றிய ஒரு எலி. வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. குழந்தைக்கு மை வைப்பதுபோல அவ்வளவு பதமாக, பஞ்சால் அந்த வாலுக்கு டிஞ்சர் வைத்துக்கொண்டிருந்தார். கூண்டுகளில் மற்ற எலிகள் தங்கள் வாலை நக்கிக்கொண்டிருந்தன. வெள்ளை முகவாய் எல்லாம் பழுப்பு.

"வாங்கமா, நல்ல நேரத்துல வந்தீங்க! ஏழாம் நம்பர பாருங்க, மூடிக்கிச்சு!" என்றார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் என்ன சொல்ல.

"எத்தன நாளா பண்றீங்க இத?"

"ரெண்டு வாரம் இருக்கும். தெனம் சாயங்காலம். காலீல நீங்க வர்றதுக்குள்ள எல்லாம் நக்கிடுதுங்க, திருட்டுப் பசங்க."

டிஞ்சர் என்றால் அயோடின். தைராய்டு வேலை செய்வதே அயோடினை வைத்துத்தான். அது அளவுக்கு மேல் உள்ளே போனால் தைராய்டு தாறுமாறாகிவிடும். பதினாறு எலிகள் இரண்டு வாரமாக அதை நக்கி நக்கி விழுங்கியிருக்கின்றன. இனி அவற்றின் தைராய்டில் எந்த மாற்றத்தைப் பார்த்தாலும், அது சர்க்கரையால் வந்ததா டிஞ்சரால் வந்ததா என்று கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது. என் ஐந்து வருஷம் அங்கே துண்டுக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தது.

நான் கத்தினேன். அப்படி ஒரு குரல் எனக்குள் இருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. "அறிவு இருக்கா உங்களுக்கு? யாரக் கேட்டு செஞ்சீங்க? என் வாழ்க்கையே போச்சு!" அக்கா எலியைக் கூண்டில் விட்டுவிட்டு, துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மூச்சு வாங்கி நின்றபோது மெதுவாகக் கேட்டார்.

"நல்ல மருந்துதானமா? இது இன்னா பண்ணும்?"

"தைராய்டக் கெடுக்கும்! சுகர் வந்தா தைராய்டு ஏற்கெனவே தள்ளாடிக்கிட்டு இருக்கும். அதுல போய் இத வச்சா மொத்தமா போயிடும். இது மருந்தில்ல, விஷம்!"

"சுகர் இருந்தா இது ஆவாதாமா?"

"ஆவாது!"

அவருக்குச் சர்க்கரை என்று எனக்குத் தெரியும். அந்தக் கால் புண்ணை வாரத்துக்கு ஐந்து நாள் கண்ணால் பார்த்தவள் நான். அந்த நிமிஷத்தில் எனக்குப் பதினாறு எலிகள் மட்டும்தான் தெரிந்தன. அக்கா பாட்டிலை மூடி குப்பைத்தொட்டியில் போட்டார். போட்டதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

திங்கட்கிழமை எலிகளைப் பற்றிக் கைடு மேடம் கேட்டார், நடந்ததைச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் அக்காவை எலிக்கூடத்திலிருந்து எடுத்து, பெரிய கட்டடத்தில் தரை துடைக்கப் போட்டுவிட்டார்கள். எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நாலு மாடி, வாளி, நாள் முழுக்க ஈரத்தில் கால். வராந்தாவில் அவரைப் பார்த்தால் நான் மாடிப்படிப் பக்கம் திரும்பிவிடுவேன். ஒருநாள் ஆய்வக ஜன்னலில் வந்து நின்றார்.

"மேடம்... அந்த எலிங்கல்லாம் எப்டி இருக்குது?"

அதுவரை என்னை "மா" என்று கூப்பிட்டவர்.

"வேல இருக்குக்கா," என்று சொல்லிவிட்டு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டேன். அதன் கீழே ஒன்றுமே இல்லை.

நாலரை மணிக்கு அவர் அந்தப் படியில் உட்கார்வது நின்றுபோயிருந்தது. அதை நான் கவனித்தேன். ரோஷத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன். நொண்டுவது கொஞ்சம் ஜாஸ்தி ஆகியிருந்தது, அதையும் கவனித்தேன். வராந்தாவில் ஒரு கெட்ட வாடை வந்துகொண்டிருந்தது. பாலாற்றுப் பக்கமிருந்து காற்றடித்தால் டேனரி வாடை வகுப்பறை வரைக்கும் வருகிற ஊர் இது. நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டோம். ஒருத்தருக்குமே வேறு எதுவும் தோன்றவில்லை.

ஐந்தாறு வாரம் கழித்து அவர் வேலைக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். அதற்கடுத்த வாரம் வாட்ச்மேன்தான் வந்து சொன்னார். "மேடம், நம்ம டிஞ்சர் அக்காவுக்குக் கால எடுத்துட்டாங்களாம்."

ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "சுகர்காரிக்கு சாத்துக்குடியாமா?" என்று சிரித்தார். முட்டிக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. கட்டுப் போட வந்த நர்ஸ் என்னை மகள் என்று நினைத்துக்கொண்டு ஒரு பிடி பிடித்தார்: "ஒரு மாசத்துக்கு மேல கட்டவே அவுக்கல இவங்க. வீட்ல யாரும் பாக்க மாட்டீங்களா?"

நர்ஸ் போனதும் கேட்டேன். "ஏங்க்கா அவுக்கல?"

"மருந்து போடக் கூடாதுன்னு ஆயிடுச்சே. அவுத்துப் பாத்தா எனக்குக் கை சும்மா இருக்காது, உங்களுக்குத்தான் தெரியுமே. அதான் இறுக்கிக் கட்டி அப்டியே வுட்டுட்டேன்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல வேள, நீங்க அன்னிக்கி சொன்னீங்க. இங்க ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, தைராய்டு நார்மலாம்மா. உங்க பேச்ச கேக்காம இருந்திருந்தா அதுவும் போயிருக்கும். கால் மட்டும்தான் போச்சு."

நான் "ஆமாக்கா" என்றேன்.

அதைத்தான் சொன்னேன். வெளியே வந்து மரத்தடியில் நின்று அழுதேன், வீட்டுக்குப் போகிற வேலூர் பஸ் வந்ததும் ஏறிவிட்டேன்.

அந்தக் கால் எப்படியும் போயிருக்கும் என்று ஒரு டாக்டர் நண்பர் சொன்னார். பழைய சர்க்கரை, பழைய புண், வைத்தியம் பார்க்காத ஆள். இருக்கலாம். எத்தனையோ நாள் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கியிருக்கிறேன். ஆனால் பதினொரு வருஷச் சர்க்கரையோடு அந்தப் புண்ணை ஒரு பாட்டில் டிஞ்சரும் ஆறவைத்த தண்ணீரும் வைத்துக்கொண்டு மேலே ஏறவிடாமல் பிடித்து நிறுத்தியிருந்தவர் அவர். அந்தக் கையை நிறுத்தச் சொன்னது நான்.

கைடு மேடம் எப்படியோ குழுவிடம் பேசி இன்னும் இருபத்துநாலு எலிகள் வாங்கிக் கொடுத்தார். ஆய்வு முடிந்தது, பட்டம் வந்தது. இன்று திருப்பத்தூரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். என் ஆய்வேட்டில் செய்முறைப் பகுதியில் ஒரு வரி உண்டு: விலங்குகளின் காயங்களுக்கு அயோடின் கலந்த எந்த மருந்தும் பயன்படுத்தப்படவில்லை. தேர்வாளர் அந்த வரியைப் பாராட்டினார். கவனமாகச் செய்திருக்கிறீர்கள் என்றார்.

மாசம் ஒருமுறை அக்காவைப் பார்க்கப் போவேன். ஆம்பூரில் ஒரு சந்துக்குள் ஒற்றை அறை. அக்குள் கட்டையை ஊன்றிக்கொண்டு எழுந்து எனக்கு டீ போடுவார், வேண்டாம் என்றால் கேட்க மாட்டார். அக்கம்பக்கத்தில் யார் எட்டிப் பார்த்தாலும், "இவங்கதான் எங்க மேடம். என் தைராய்டக் காப்பாத்துனவங்க," என்று சொல்வார். நான் டீயைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போவேன். ஒவ்வொரு தடவையும் அடுத்த மாசம் என்று திரும்புவேன்.

போன மாசம் போனபோது அவர் முகத்தில் பழைய களை இருந்தது. ஒரு வேலை செய்து முடித்த களை.

"எதுத்த வூட்டுக்காரரு டேனரில கால்ல தகரம் வெட்டிக்கினு வந்துட்டாருமா. அவுருக்கும் சுகரு. பொண்டாட்டி டிஞ்சர எடுத்துக்கினு வர்றா. நான் புடுங்கி வீசிட்டேன். சுகர்காரனுக்கு இது ஆவாது, எங்க மேடம் ஆராய்ச்சி பண்ணி சொல்லியிருக்காங்கன்னேன். நல்லா இறுக்கிக் கட்டி வுட்டேன், அவுக்கவே கூடாதுன்னு."

"எத்தன நாளாச்சுக்கா?"

"பத்து நாளு இருக்கும்."

டீ தம்ளரைக் கீழே வைத்தேன். இனி அடுத்த மாசம் என்று சொல்ல வழியில்லை.

"அக்கா, நான் அன்னிக்கு சொன்னது தப்புக்கா. அது எலிக்கு மட்டும்தான். தைராய்ட அளந்து பாக்கணும்னு வச்சிருந்த எலி, அதுக்கு டிஞ்சர் படக் கூடாது. மனுஷங்க கால் புண்ணுக்குப் போட்டா ஒண்ணும் ஆகாது. உங்களுக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது. நீங்க தெனமும் அவுத்துக் கழுவிக் கட்டுனதுதான் சரி. என் ஆராய்ச்சி போச்சேங்கிற வெறில ஆவாதுன்னு கத்திட்டேன்."

அக்கா சேலைத் தலைப்பை இழுத்து, கால் இல்லாத இடத்தை மூடிக்கொண்டார். சந்தில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போனதும் கேட்டார்.

"ஆஸ்பத்திரில வந்து பாத்தப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்க்கா."

தலையை ஆட்டினார். இரண்டு மூன்று தடவை ஆட்டினார். அவர் அடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன், சத்தியமாக அதைத்தான் எதிர்பார்த்தேன். திடீரென்று கட்டையால் தரையை ஓங்கித் தட்டினார்.

"இன்னும் இன்னா உக்காந்துக்கினு இருக்கீங்க? எதுத்த வூட்டுக்குப் போங்க! கட்ட அவுங்க! ஆட்டோ புடிச்சு இன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க. போங்கமா!"

எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது, இந்தத் தடவை சத்தமில்லாமல். "அந்தாளு கால பாத்துட்டு வாங்க. எனக்கு உங்கள ஒண்ணு கேக்கணும்."

எதிர்வீட்டுக்காரரின் கட்டை நானே அவிழ்த்தேன். ஒரு கால்விரல் கறுத்திருந்தது. ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். அந்த விரலை மட்டும் எடுத்தார்கள், கால் தப்பியது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், நான் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. எதிர்வீட்டுக்காரரின் மனைவி நேற்று போன் செய்து நன்றி சொன்னாள். அக்கா தினமும் கட்டையை ஊன்றிக்கொண்டு சந்துக்கு அந்தப்பக்கம் வந்து, தரையில் உட்கார்ந்து, அவள் புருஷன் காலைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டுப் போட்டுவிட்டுப் போகிறாராம். போகும்போது ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வி கேட்கிறாராம். மேடம் வந்தாங்களா என்று.

மூன்று வாரம் ஆகிவிட்டது. நான் இன்னும் போகவில்லை.